மொரிவாகி விட்டுப்போன விரல்

செத்துப்போனவருக்கு யார் குங்குமம் வைத்தது என்று தெரியவில்லை. வைத்திருக்கிறார்கள், நெற்றிக்கு நடுவில், சந்தனத்துக்கு மேலே, ஒரு ஜப்பான்காரருக்கு, கார்ட்டூன் பட டைரக்டருக்கு, கண்ணாடி போட்ட எண்பது வயசு மொரிவாகிக்கு, ஏதோ இந்தச் சாலிகிராமத்திலேயே பிறந்து வடபழனி கோயிலில் மொட்டை போட்டு வளர்ந்தவர் மாதிரி. படம் ஆபீஸ் பிரிண்டரில் எடுத்தது. சிவப்பு மை தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது, அதனால் கன்னமெல்லாம் பச்சை, பாசி பிடித்த மாதிரி. ஒரு சாயங்கால வானத்துக்கு நிறம் சரியாக வரவில்லை என்று மொத்த ஸ்டூடியோவையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தவர், அவருக்கு நாங்கள் செய்த கடைசி மரியாதை பச்சைக் கன்னம். ஊதுபத்தி குத்தியிருக்கிற வாழைப்பழம் பக்கத்து சீட்டு பிலோமினா அக்கா மத்தியானம் சாப்பிட வைத்திருந்தது. எல்லோரும் மௌனமாக நிற்கும்போது "என் பழம்டீ அது" என்று காதில் சொன்னாள், நான் சிரித்துவிட்டேன், ஆபீஸை நடத்துகிற எஸ்.கே. சார் திரும்பிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது, நிஜமாகவே அழுதிருக்கிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், பொய்யாக அழுதிருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அழுதுவிட்டு என்ன பேசினார் என்பதுதான் விஷயம். சென்செய், குருவுக்கு ஜப்பான் வார்த்தை, மேஜைக்குக் கீழேயே தூங்கினார் என்றார். மகன் பிறந்த அன்றைக்குக்கூட சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை என்றார். ஜுரத்தோடு வரைந்தார் என்றார். "நம்ம எல்லாருக்கும் இது பாடம்" என்று முடித்தார். எனக்குப் பாடம் என்ற வார்த்தையே ஆகாது, அது வேறு. அந்த மகன் அன்றைக்கு என்ன பண்ணினான், அந்த அம்மா யாரைத் திட்டினாள், அதை ஒருத்தரும் கேட்கவில்லை. "நம்ம சாரும்தான் மேஜையிலயே தூங்குறாரு, மத்தியானச் சோத்துக்கு அப்புறம்" என்று பிலோமினா அக்கா மறுபடி காதில். இந்த முறை நான் சிரிக்கவில்லை. கீழே கல்யாண மண்டபத்தில் எவனோ மைக்கைத் தட்டித் தட்டி ஹலோ ஹலோ என்கிறான், தட்டுவது தலைக்குள் தட்டுகிற மாதிரி இருக்கிறது, மௌனமாக நிற்க இதை விட நல்ல இடம் கிடைக்காது.

இப்போது என் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். லைட் பாக்ஸ் எரிகிறது, கண்ணாடிக்குக் கீழேயிருந்து வெளிச்சம் மூக்கில் அடிக்கிறது, அதன் மேல் அவர் வரைந்த தாள், அதன் மேல் என் வெள்ளைத் தாள். ஆபீஸில் மற்ற எல்லோரும் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள், மொரிவாகி படத்துக்கு மட்டும் பேப்பர், அவர் பிடிவாதம், அதற்காகவே இந்த மூலையில் இரண்டு லைட் பாக்ஸ், ஒன்றில் நான், பக்கத்தில் அக்கா. தாளில் ஒரு குழந்தையின் கை, இன்னொரு கைக்குள் இருக்க வேண்டிய கை. படத்தில் குழந்தை படகில் ஏறப் போகிறது, அம்மா கரையில் நிற்கிறாள், கை பிரிய வேண்டும். அம்மா கை தனித் தாள், அது டோக்கியோவிலேயே முடிந்துவிட்டது. குழந்தையின் கை மட்டும் மொரிவாகியே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு போட்டது. வந்தது போன வாரம். அவர் போனது நேற்று. கை என்றால் ஐந்து விரல் இருக்க வேண்டும், இதில் ஆறு இருக்கிறது. அப்படிச் சொன்னால் வெளி ஆள் பயந்துபோவார், பயப்பட ஒன்றுமில்லை, ரஃப் என்றாலே அப்படித்தான், யோசித்துக்கொண்டே போடும் கோடு, ஒரே விரலை இப்படி வைக்கலாமா அப்படி வைக்கலாமா என்று இரண்டு விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஆட்காட்டி விரல் ஒன்று மடங்கி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நீண்டு விட்டுவிட்டது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு ஒற்றைக் கோடாகச் சுத்தமாகப் போடுவதுதான் கிளீன்-அப், அதுதான் என் வேலை, அதற்குத்தான் ஒரு மனுஷி வேண்டும், இல்லாவிட்டால் ஜெராக்ஸ் மெஷின் போதும். காலையில் செய்தி வருவதற்கு முன்னால் எஸ்.கே. சார் இந்த ஷாட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "இது சரியா போச்சுன்னா உன்னைப் பர்மனெண்ட் பண்ணிடறேன், வீட்ல சொல்லிக்கோ" என்று சொன்னார். செய்தி வந்த பிறகு அவரே திரும்பி வந்தார், கையில் டோக்கியோ மெயில். "ஒரு கோடுகூட விடக்கூடாது யோகா. அவரோட கடைசிக் கோடுங்க. அப்படியே எடுக்கணும்னு எழுதியிருக்காங்க." "சார், ஆட்காட்டி விரல் ரெண்டா இருக்கு." "இருக்கட்டும்." "ரெண்டையும் எடுத்தா கொழந்தைக்கு ஆறு விரல் வரும் சார்." "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு? இன்னிக்காவது வாயை மூடிக்கிட்டு வேலை செய்." டீ வருவதற்குள் வேண்டும் என்றார். போய்விட்டார். போகும்போது படத்துக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிறார், சரி, இந்தத் தாளை அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன், இதே கோபம். பதினோராம் வகுப்பு. செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுப் படம். நான் நிஜமாகவே செம்பருத்தி பறித்துக்கொண்டு வந்து பிளேடால் வெட்டி வைத்துப் பார்த்து வரைந்தேன், மகரந்தமெல்லாம் மேஜையில் கொட்டி, விரலெல்லாம் வழவழ என்று. நான் வெட்டிய பூவில் சூலகம் புத்தகத்தில் இருப்பது மாதிரி நேராக இல்லை, சாய்ந்திருந்தது, சாய்த்தே வரைந்தேன். பயாலஜி மிஸ் குறுக்கே கோடு போட்டார்கள். "பூவப் பாத்து யாரு வரையச் சொன்னா, புக்கப் பாத்து வரை." எல்லோரும் சிரித்தார்கள். நான் பூவைக் காட்டினேன். "பூவா மார்க்கு போடப் போகுது" என்றார்கள் மிஸ், அவர்கள் மேல் தப்பு இல்லையாம், பரீட்சை அப்படியாம், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அன்பாகவே சொன்னார்கள், அன்பாகச் சொன்னதுதான் இன்னும் மோசம். அந்த வருஷத்தோடு நின்றுவிட்டேன். அதற்கு அது மட்டும் காரணம் இல்லை, எனக்கு உட்கார்ந்து மனப்பாடம் பண்ண வராது, ஃபெயிலாகியும் இருப்பேன், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. ஆனால் நின்ற பிறகு வீட்டில் படுத்துக்கொண்டு போனில் மொரிவாகியின் பேட்டியைப் பார்த்தேன். கருவாட்டுக் கடைக்கு மேலே ஒரு அறையில் ஸ்டூடியோ ஆரம்பித்தாராம், வரைந்த தாளெல்லாம் கருவாட்டு நாற்றம், முதல் படத்தைப் பார்க்க வந்தவர்கள் தாளை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். பள்ளிக்கூடத்தில் படிக்க முடியவில்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார், எல்லோருடைய கையையும், சோறு அள்ளுகிற கை, காசு எண்ணுகிற கை, முகத்தை வரைய வேண்டாம், கையைச் சரியாகப் போட்டால் முகம் தானாக வரும். அன்றைக்கு ராத்திரியே அப்பா கையை வரைய உட்கார்ந்தேன். அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறவர், இடது கையில் நடுவிரல் பாதிதான் இருக்கும். வரைந்து அம்மாவிடம் காட்டினேன். "வெரல ஒழுங்கா போடு" என்றாள், கூடவே வாழ்கிறவள், தினம் அந்தக் கைக்குத்தான் டீ டம்ளர் நீட்டுகிறவள், படத்தில் பார்த்ததும் தப்பு என்கிறாள். அப்பா பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார். அம்மாவுடைய கணக்கு எளிது: இந்த மாசத்துக்குள் வேலை நிரந்தரம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் டுட்டோரியலில் சேர்ந்து பன்னிரண்டாவது எழுத வேண்டும். எழுதினால் மறுபடி செம்பருத்தி வரும். நேராக நிற்கிற செம்பருத்தி.

அவர் ஒன்றும் சாமி இல்லை. அதை யாராவது சத்தமாகச் சொன்னால் எனக்குப் பாதிக் கோபம் குறையும். டி.வி.யில் வாரா வாரம் ஒரு படம் தருகிறேன் என்று முதலில் ஒத்துக்கொண்டது இவர்தான், அதுவும் அடிமாட்டு விலைக்கு, மற்றவர்கள் யாரும் அந்த விலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே. வாரா வாரம் எப்படி வரைவது? முகம் அசையாமல் வாயை மட்டும் அசைப்பது, ஆள் நின்ற இடத்தில் நிற்க வானத்தை நகர்த்துவது, ஒரே ஓட்டத்தை எல்லாப் படத்திலும் திரும்பத் திரும்ப ஓட விடுவது, எல்லாம் இவர் கண்டுபிடித்த தந்திரம். அழகாகவும் செய்தார், அதில்தான் கெட்டுப்போனது, அழகாக இருந்ததால் எல்லோரும் அதையே கேட்டார்கள், அந்த விலைக்கே கேட்டார்கள், அந்த அவசரம்தான் டோக்கியோவிலிருந்து கடல் தாண்டி இந்தக் கல்யாண மண்டபத்து மாடிப்படி ஏறி வந்து என் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அக்காவுக்கு மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை, கழற்றினால் கை வீங்கிவிடும். பேட்டியின் கடைசியில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான், உங்களால்தானே நாங்கள் யாரும் தூங்குவதில்லை என்று. அரங்கத்தில் எல்லோரும் அவனை முறைத்தார்கள். மொரிவாகி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு, ஆமாம் என்றார். அவ்வளவுதான். சமாதானம் சொல்லவில்லை, அந்தக் காலம் அப்படி என்று இழுக்கவில்லை. நான் அந்த ஆமாமுக்காகத்தான் இங்கே வந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனுஷன் ஆமாம் என் தப்பு என்று சொல்லி அதுவரை கேட்டதில்லை. அதை எஸ்.கே. சார் பேச்சில் சொல்லவில்லை, டோக்கியோ மெயிலிலும் இருக்காது, குங்குமம் வைத்துவிட்டால் ஆமாம் அழிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவர் என்னைத் திட்டியிருக்கிறார். நேரில் இல்லை, என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. திருத்தம் வந்தால் மஞ்சள் தாளில் வரும், என் தாள் மேல் அவர் மஞ்சள் தாள் வைத்து, நான் போட்ட தோளை வேறு மாதிரி போட்டு, ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தார். அர்த்தம் கேட்டேன், அவசரம் என்று அர்த்தமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவசரத்தை உலகத்துக்கே வாரிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து அவசரம் என்கிறார். மஞ்சள் தாளைக் கிழிக்கப் போனேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன், என் தோளும் அவர் தோளும். கிழிக்கவில்லை. அவர் சரி. அவர் என் கோட்டைத் திருத்தினார், ஏனென்றால் பார்த்தார், பார்க்காமல் திருத்த முடியாது, திருத்துவதைவிடப் பெரிய மரியாதை இந்தத் தொழிலில் கிடையாது. அதைத்தான் இன்றைக்கு அவருக்குச் செய்யக்கூடாது என்கிறார்கள்.

டோக்கியோவில் யாரோ ஒருத்தர் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார், எனக்குத் தெரிகிறது, பெரிய ஆர்ட்டிஸ்ட்டாக இருப்பார், நாற்பது வருஷம் கூட இருந்தவராக இருப்பார். விரல் இரண்டாக இருப்பது அவருக்குத் தெரியாதா. தெரியும். தேர்ந்தெடுக்கப் பயம். தான் எடுத்தது தப்பாகிப் போனால், சென்செய்யின் கடைசிக் கையைக் கெடுத்தவன் என்று பேர் வரும், அதனால் கும்பிட்டுக் கடலுக்கு இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார், இன்றைக்கு மெயிலும் போட்டுவிட்டார், ஒரு கோடும் விடாதே என்று. ஆறு விரலோடு படம் பெரிய திரையில் வரும். ஒரு நொடிதான், ஆனால் தெரியும், குழந்தையின் கை அங்கே நண்டு மாதிரி தெரியும். யாராவது சிரிப்பான். சிரிக்காதவன் எவனாவது கட்டுரை எழுதுவான், ஆறாவது விரல் தாயின் நினைவு, பிரிவின் குறியீடு என்று. அய்யோ அதை நினைத்தால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. அது குறியீடு இல்லையப்பா, மனுஷன் யோசித்துக்கொண்டிருந்தார், நர்ஸ் வந்திருப்பாள், ஊசி போட்டிருப்பாள், தூங்கிப்போயிருப்பார், அவ்வளவுதான். யோசித்துக்கொண்டே செத்துப்போனார். ஆனால் நான் மட்டும் என்ன கண்டேன். பதினெட்டு வயசு, பன்னிரண்டாவது முடிக்கவில்லை, கையில் பென்சில், அவர் மூளைக்குள் போய்ப் பார்த்தேனா. மடங்கின விரலா, நீண்ட விரலா. சும்மா இரண்டையும் எடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். எத்தனை நேரம் ஆகும், ஒரு நிமிஷம், இதோ கோடு, இதோ கோடு. தாளில் பென்சிலை வைத்தும்விட்டேன், மடங்கின விரலின் முட்டியிலிருந்து பாதி தூரம் போய்விட்டேன், கோடு நன்றாக வருகிறது, சனியன், நன்றாகத்தான் வருகிறது. கீழே மைக்கில் இப்போது ஒரு பெண் வந்து மாப்பிள்ளை வீட்டார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்கிறாள்.

"அக்கா, கையக் குடுங்க." "எதுக்குடீ, கீழ மண்டபம் காலியா இருக்கா?" "சும்மா குடுங்கக்கா. என் கையப் பிடிங்க. நீங்க அம்மா. நான் கொழந்தை." "வயசு பாத்துதான் அம்மா வேஷம் குடுக்குறே." அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மணிக்கட்டுப் பட்டை உறுத்தியது, உள்ளங்கை குளிர்ந்திருந்தது, ஏசி அப்படி. என் கையை அவள் கைக்குள் வைத்து மெல்ல இழுத்தேன். அவள் விடாமல் பிடித்தால் என் ஆட்காட்டி விரல் கடைசி வரை மடங்கியே வருகிறது, கொக்கி மாதிரி. நானே விட்டால் அந்த விரல்தான் முதலில் நீள்கிறது, மற்றது பிறகு. மறுபடி. மறுபடி. மூன்றாவது மேஜையிலிருந்து யாரோ தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது விரலைப் பற்றிய சந்தேகமே இல்லை. குழந்தைக்குப் போக இஷ்டமா இல்லையா, அதுதான் கேள்வி. மடங்கினால் அதை இழுத்துக்கொண்டு போகிறார்கள். நீண்டால் அதுவே போகிறது. கிழவருக்கு அது தெரியவில்லை. படம் முழுக்க எடுத்துவிட்டு, அந்தக் குழந்தையைப் பிறப்பித்தவரே, கடைசியில் படுக்கையில் கிடந்து அது தெரியாமல் இரண்டையும் போட்டுப் பார்த்திருக்கிறார். "என்னடீ ஆச்சு, கை வேர்க்குது" என்றாள் அக்கா. "அக்கா, உங்க பொண்ணு ஜெனிய ஹாஸ்டல்ல விட்டீங்களே, அப்ப யாரு முதல்ல கைய விட்டது?" கேட்டிருக்கக்கூடாது. எனக்கு அப்படித்தான், வாயில் வந்துவிடும், வந்த பிறகுதான் தெரியும். அக்கா என் கையை விடவில்லை. "அவதான்" என்றாள். "திண்டிவனத்துல இறங்குனதும் பஸ் ஸ்டாண்டெல்லாம் என் சுண்டு வெரலயே புடிச்சிக்கிட்டு வந்தா. ஹாஸ்டல் கேட்டுல ரெண்டு பிள்ளைங்க ரிங்பால் ஆடிட்டிருந்துச்சு. அதப் பாத்துச்சு. விட்டுட்டு ஓடிடுச்சு." "அழலையா?" "அவ எங்க அழுதா. நான்தான் கேட்டுல நின்னு வாட்ச்மேன்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன்." பிறகு என் கையை ஒரு தட்டுத் தட்டி என் மடியிலேயே போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். "சாரு வராரு பாரு, வேலையப் பாரு" என்றாள். சார் வரவில்லை.

தாளை மாற்றினேன். பாதி போட்டதைக் கசக்கி காலுக்குக் கீழே. புதுத் தாள், தாள் நகராமல் இருக்க ஓட்டைகளை லைட் பாக்ஸ் முளையில் மாட்டினேன், வெளிச்சம் மறுபடி மூக்கில். அக்கா சொன்னதற்காக நீட்டிவிடக்கூடாது, அக்கா பெண் வேறு, இந்தக் குழந்தை வேறு, அதைச் செய்தால் நானும் கட்டுரை எழுதுகிறவன் மாதிரிதான். தாளைப் பார். பூவைப் பார். அவர் தாளை மட்டும் தனியாக எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். மடங்கின விரலின் கோடு அழுத்தமாக, ஒரே இழுப்பு, பழகின கை, எத்தனையோ முறை போட்ட பிரிவு, தூக்கத்திலும் போடுவார். நீண்ட விரலின் கோடு மெல்லிசு, நடுக்கம், இரண்டு இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது, மடங்கின விரலின் மேல் ஏறிப் போகிறது, அதனால் பிறகு போட்டது. பிறகு போட்டது என்றால் பிறகு வந்த யோசனை. அல்லது தெம்பு இல்லாமல் கை வழுக்கியது. இரண்டும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, தெரியாமல்தான் செய்கிறேன், ஆனால் யாராவது செய்ய வேண்டும், ஒரு குழந்தையை இப்படிப் போகவும் விடாமல் இருக்கவும் விடாமல் நடுவில் தொங்கவிட்டுவிட்டுப் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டு நிற்க முடியாது. கட்டை விரல் போட்டேன். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல். ஆட்காட்டி விரலைக் கடைசிக்கு வைத்தேன், பயம், வேறென்ன. டுட்டோரியல் பெஞ்சு ஞாபகம் வருகிறது, போனதே இல்லை, இருந்தும் அதன் பச்சைப் பெயிண்ட்கூட தெரிகிறது. அவருடைய அழுத்தமான கோட்டைத் தொடாமல், நடுங்கின கோட்டின் மேல் என் பென்சிலை வைத்தேன். நடுக்கத்தை அப்படியே எடுக்கவில்லை, அதைத் திருத்தினேன், அவர் இருந்திருந்தால் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அவர் மஞ்சள் தாள் வைத்துத் திட்டியிருக்கவும் கூடும். ஒரே இழுப்பு. மூச்சை விடவில்லை. விரல் நீண்டது. அவர் தாளையும் அம்மா கைத் தாளையும் என் தாளையும் விரலிடுக்கில் வைத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன், கை கையை விட்டது, மறுபடி பிடித்தது, மறுபடி விட்டது.

எஸ்.கே. சார் டீ டம்ளரோடு வந்து நின்றார். முகம் கழுவியிருந்தார், காதோரம் தண்ணீர். "முடிஞ்சுதா?" எழுந்து நின்றேன், அதுவரை அவருக்கு நான் எழுந்து நின்றதே இல்லை, காலுக்குக் கீழே கசங்கின தாள் நொறுங்கியது. "முடிஞ்சுது சார். ஆறு எடுக்கல. அஞ்சுதான் எடுத்திருக்கேன்." நானே சொல்லிவிட்டேன், அவர் கண்டுபிடித்துக் கேட்கும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவர் தாளை வாங்கவில்லை. டம்ளரை அக்கா மேஜையில் வைத்தார். "ஒண்ணே ஒண்ணுதான சொன்னேன் உன்கிட்ட." "ஆமா சார்." "செத்துப்போன மனுஷன் கோட்டுல கை வைக்கிறதுக்கு நீ யாரு? அவரு யாரு, நீ யாரு?" "அவரு வரைஞ்சாரு, நான் கிளீன்-அப் சார்." "திமிரா?" "இல்ல சார், வேலை அதான்." அக்கா தலையைத் தூக்காமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், சீவி முடிந்த பென்சிலையே மறுபடி சீவினாள். "டோக்கியோல இருந்து திரும்பி வந்துச்சுன்னா என் பேரு கெடும். அப்புறம் பர்மனெண்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நீ வீட்டுக்குத்தான் போகணும், புரியுதா?" "புரியுது சார். போறேன்." தாளை மறுபடி அவர் பக்கம் நீட்டினேன். "வேலையப் பத்தி அப்புறம் சொல்லுங்க சார். வெரலப் பத்தி முதல்ல சொல்லுங்க. காலைலேந்து அந்தப் போட்டோவத்தான் எல்லாரும் பாக்குறீங்க, இந்தத் தாள ஒருத்தரும் பாக்கல."

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன், அப்படி ஒரு பார்வை. பிறகு என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மொரிவாகியின் தாளை மாட்டினார், மேலே அம்மா கை, அதன் மேல் என் தாள். விரலிடுக்கில் வைத்துப் புரட்டினார், இந்த மனுஷன் வரைந்து நான் பார்த்ததில்லை, ஆனால் புரட்டத் தெரிந்த கை, தாள் சத்தமே வரவில்லை. நிறுத்தினார். மொரிவாகியின் தாளை மட்டும் எடுத்து, நான் பிடித்த மாதிரியே, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி புரட்டினார். கை விட்டது, பிடித்தது, விட்டது. நான் அவருடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சுண்டு வெரல் நீளம், அதத் திருத்து" என்றார்.

குனிந்து பார்த்தேன். நீளம்தான். ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் எழுந்திருப்பதற்காக நின்றேன்.